பேப்பர்ல வந்த "ஏரியா நியூஸ்" நம்பி ஃப்ளாட் புக் பண்ணிட்டோம், கட்டின 12 லட்சம் திரும்ப வருமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்க மேடவாக்கம் பக்கம் 9 வருஷமா வாடகை வீட்ல இருக்கோம். ஞாயித்துக்கிழமை வாசல்ல போட்டுட்டு போற இலவச பேப்பர்ல எங்க ஏரியா பத்தி பெரிய செய்தி ஒண்ணு வந்துச்சு. மெட்ரோ ஸ்டேஷன் வருது, அதுக்கு 500 மீட்டர்லயே புது அப்பார்ட்மென்ட், 60 அடி ரோடு, கிளப் ஹவுஸ், ஏரி பார்த்த பால்கனின்னு போட்டிருந்தாங்க. நம்பி போனோம். விலை 62 லட்சம். புக்கிங் 2 லட்சம், அடுத்த மாசம் என் நகையை அடகு வெச்சு 10 லட்சம் கட்டிட்டோம். இப்பதான் அக்ரிமென்ட் டிராஃப்ட் அனுப்பறாங்க. அதுல கிளப் ஹவுஸ் பத்தி ஒரு வரி இல்ல, "விளம்பரத்தில் உள்ள விவரங்கள் இந்த ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது"ன்னு வேற இருக்கு. நேர்ல போய் பார்த்தா ரோடு 30 அடி கூட இல்ல, மெட்ரோ வேலை நடக்கற இடத்துக்கு நடந்து பார்த்தா 2 கிலோமீட்டருக்கு மேல வருது. கேட்டா, வேணாம்னா கேன்சல் ஃபார்ம் எழுதி குடுங்க, ஃப்ளாட் விலையில 10 சதவீதம் பிடிச்சுட்டு மீதியை 6 மாசத்துல தர்றோம்ங்கறாங்க. வீட்டுக்காரர் போனா போகுது வாங்கிக்கலாம்ங்கறார், மாமனார் போலீஸ்ல குடுக்கலாம்ங்கறார். பேங்க் லோன் சாங்ஷன் ஆயிருக்கு, பணம் இன்னும் போகல. நாங்க என்ன பண்றது சார்?

பதில்: சகோதரி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல அந்த கேன்சல் ஃபார்ம்ல நீங்களோ உங்க வீட்டுக்காரரோ கையெழுத்து போடாதீங்க. ஏன்னா நீங்க "கேன்சல்" பண்றதும், பில்டர் சொன்னது பொய்ன்னு சொல்லி "விலகறதும்" சட்டத்துல ஒண்ணு கிடையாது. அந்த ஃபார்ம்ல "சொந்த காரணத்தினால்"னு முன்னாடியே அச்சடிச்சு வெச்சிருப்பாங்க, நாம பேர், ஃப்ளாட் நம்பர் மட்டும் எழுதி கையெழுத்து போட்டு குடுத்துடுவோம். அப்புறம் எங்க போனாலும் அந்த ஒரு பேப்பரை எடுத்து காட்டி, அவங்களா வேணாம்னு போனாங்க, எங்க மேல தப்பே இல்லன்னு நின்னுடுவாங்க. இன்னொண்ணு பாருங்க, அவங்க பிடிக்கிறேன்னு சொல்ற 10 சதவீதம் நீங்க கட்டின 12 லட்சத்துல இல்ல, 62 லட்சத்துல, அதாவது 6 லட்சத்து 20 ஆயிரம். கட்டினதுல பாதிக்கு மேல போயிடும். நகையை அடகு வெச்ச காசு, அதை எதுக்கு விடணும்?

உங்களுக்கு நேரடியா உதவற சட்டம் 2016ல வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம், எல்லாரும் ரெரான்னு சொல்றது, அந்த சட்டப்படி அமைச்ச ஆணையத்தையும் அதே பேர்லதான் சொல்லுவாங்க. அதுல 12ஆம் பிரிவு உங்க கேஸுக்காகவே எழுதின மாதிரி இருக்கு. விளம்பரத்துலயோ பிரோஷர்லயோ மாடல் ஃப்ளாட்லயோ சொன்ன விவரத்தை நம்பி ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்து, அந்த விவரம் தப்புன்னு ஆகி அதனால நஷ்டப்பட்டா பில்டர் நஷ்டஈடு தரணும், அவர் அந்த ப்ராஜெக்ட்ல இருந்து விலகணும்னு நினைச்சா கட்டின முழு பணத்தையும் வட்டியோட திருப்பித் தரணும், நஷ்டஈடும் தரணும். பிடித்தம்ங்கற பேச்சே அங்க இல்ல. வட்டி தமிழ்நாட்டு விதிப்படி ஸ்டேட் பேங்கோட உச்சபட்ச எம்சிஎல்ஆர், அதாவது பேங்க் கடனுக்கு வைக்கற அடிப்படை வட்டி விகிதம், அது கூட 2 சதவீதம்.

பேப்பர்ல வந்தது செய்திதானே, நாங்க குடுக்கலையேன்னு பில்டர் சொல்லுவார், இதுதான் அவங்க முதல் பதிலா இருக்கும். ரெரா சட்டத்துல விளம்பரம்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் ரொம்ப விரிவா குடுத்திருக்காங்க, நோட்டீஸ், சர்குலர், எந்த ரூபத்துல பண்ற பப்ளிசிட்டியா இருந்தாலும் அது விளம்பரம்தான். அதனால அந்த பேப்பரை எடுத்து மெதுவா ஒரு தடவை படிங்க. மூலையில பொடி எழுத்துல விளம்பரம்னு போட்டிருக்கா, கடைசி பாராவுல பில்டரோட போன் நம்பர் இருக்கா, படத்துக்கு கீழ அவங்க லோகோ இருக்கா, டிஎன்-னு ஆரம்பிச்சு வருஷத்தோட முடியற ரெரா பதிவு நம்பர் இருக்கா. இதுல ஏதாவது இருந்தா, காசு குடுத்து போட்ட விளம்பரம்னு வாதாட நமக்கு நல்ல பிடி கிடைக்கும். அது விளம்பரம்னு தெரிஞ்சு, ரெரா நம்பரும் ரெரா வெப்சைட் முகவரியும் அதுல இல்லன்னா அதுவே 11ஆம் பிரிவை மீறினது, அதுக்கு தனியா அபராதம் உண்டு. ஒருவேளை நிஜமாவே நிருபர் எழுதின செய்தின்னா அதை மட்டும் வெச்சு பில்டரை பிடிக்க முடியாது. அப்பவும் பயப்படாதீங்க, அதே விஷயத்தை பிரோஷர்லயோ ஏஜென்ட் வாட்ஸ்அப்லயோ அவங்களே சொல்லியிருப்பாங்க, அது போதும்.

மெட்ரோ விஷயத்துல உங்ககிட்ட உண்மையை சொல்லிடறேன், அதை முதல் காரணமா வைக்காதீங்க. இரண்டாம் கட்ட மெட்ரோ நிஜமான திட்டம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய், 2024 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தாச்சு, மாதவரத்துல இருந்து சோழிங்கநல்லூர் வர்ற லைன் உங்க மேடவாக்கம் வழியாதான் வருது. அது லேட் ஆனா பில்டர் பொறுப்பு கிடையாது, அது அரசாங்கத்தோட வேலை. ஆனா 500 மீட்டர்னு தூரத்தை எழுத்துல போட்டது அவர், அந்த தூரம் தப்புன்னா அது அவர் சொன்ன தப்பு. கோடு போட்ட மாதிரி ஆகாசத்துல அளந்தோம்னு சொல்லுவாங்க, 2 கிலோமீட்டருக்கு மேலன்னா அந்த பதிலும் நிக்காது. இருந்தாலும் புகார்ல இதை மூணாவதா நாலாவதா வெச்சுக்கோங்க.

முதல்ல வைக்க வேண்டியது ரோடும் கிளப் ஹவுஸும். ரெரா வெப்சைட்ல அந்த ப்ராஜெக்ட் பேரை போட்டு தேடுங்க, அப்ரூவ் ஆன பிளான், முடிக்க வேண்டிய தேதி, பில்டர் குடுத்த உறுதிமொழி எல்லாம் அங்க ஏத்தியிருக்கணும். பிளானை பெருசா பண்ணி பார்த்தீங்கன்னா மனைக்கு முன்னாடி ரோட்டோட அகலத்தை மீட்டர்ல எழுதியிருப்பாங்க. 60 அடின்னா 18 மீட்டருக்கு மேல வரணும். அந்த இடத்துல 9 மீட்டர்னு இருந்தா அது முப்பது அடி கூட இல்ல, 29 அடி சொச்சம், அப்போ பிளான் போடும்போதே அவருக்கு தெரியும், தெரிஞ்சுதான் 60ன்னு விளம்பரம் குடுத்திருக்கார், இதைவிட பெரிய ஆதாரம் உங்களுக்கு வேணாம். கிளப் ஹவுஸ் பிளான்லயே இல்லன்னாலும் அப்படித்தான். பிளான்ல இருக்கு, டிராஃப்ட்ல மட்டும் விட்டிருக்காங்கன்னா அது வேற மாதிரி வழக்கு, அதை போட சொல்லி கேட்டு வாங்கவும் முடியும். அப்படியே சர்வே நம்பரை வெச்சு எஃப்எம்பி ஸ்கெட்சும், அதாவது அரசாங்க நில அளவை வரைபடமும் எடுத்து பார்த்துடுங்க, ஏரி பார்த்த பால்கனின்னு சொல்ற இடத்துல மனை ஏரி புறம்போக்கை ஒட்டி இருக்கா இல்ல உள்ளயே இருக்கான்னு தெரிஞ்சுக்கணும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநில பட்டியல்ல சேர்ந்ததுக்கு அப்புறம் அதை சுத்தி கட்டற கட்டடங்களுக்கு அனுமதி குடுக்கறது பசுமை தீர்ப்பாயம் வரைக்கும் போன விஷயம். அந்த பக்கத்துல வீடு வாங்கற யாரா இருந்தாலும் இதை பார்க்காம ஒரு ரூபாய் குடுக்கக்கூடாது.

அடுத்தது நீங்க கேள்வியில சாதாரணமா சொல்லிட்டு போன ஒரு விஷயம், எனக்கு அதுதான் முதல்ல கண்ல பட்டுச்சு. அக்ரிமென்ட் இப்பதான் டிராஃப்டே வருது, ஆனா 12 லட்சம் வாங்கிட்டாங்க. 13ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, விற்பனை ஒப்பந்தம் எழுதி அதை பதிவு பண்றதுக்கு முன்னாடி பில்டர் ஃப்ளாட் விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கவே கூடாது. உங்க கணக்குல அது 6 லட்சத்து 20 ஆயிரம், அவங்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வாங்கியிருக்காங்க. விளம்பரம் பொய்யா இல்லையான்னு ஆயிரம் வாதம் பண்ணலாம், இதுக்கு வாதமே கிடையாது, ரசீதும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பேசிடும். நோட்டீஸ்ல இதை தனி பாராவா எழுதணும்.

டிராஃப்ட்ல அந்த "விளம்பரம் ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது"ங்கற வரி இருக்கே, அதை பார்த்து மனசு தளர வேணாம். நீங்க இன்னும் கையெழுத்தே போடல, போடவும் வேணாம். போட்டவங்களுக்கே கூட, ஒரு பக்கமா பில்டருக்கு சாதகமா எழுதின ஷரத்து வாங்கினவரை கட்டுப்படுத்தாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019ல பயனியர் அர்பன் வழக்குல தெளிவா சொல்லியிருக்கு.

இப்ப ஆதாரம் சேர்க்கற வேலை, இதை இன்னிக்கே ஆரம்பிங்க, ஏன்னா நீங்க கேள்வி கேட்க ஆரம்பிச்சதும் வெப்சைட்ல இருந்து படங்கள் மாற ஆரம்பிக்கும். அந்த பேப்பரை கத்தரிச்சு எடுத்து வைக்காதீங்க, தேதி இருக்கற மேல்பக்கத்தோட முழுசா அப்படியே வைங்க, லேமினேட்டும் பண்ணாதீங்க. பிரோஷர் ஒரிஜினல், புக்கிங் ஃபார்ம், ரசீது, நகை அடகு சீட்டு, கட்டற வட்டி ரசீது எல்லாம் ஒரு ஃபைல்ல போடுங்க, நஷ்டம்னு காட்ட அந்த வட்டி ரசீதுதான் உதவும். ஏஜென்ட் அனுப்பின மெசேஜ், வாய்ஸ் நோட் எதையும் டெலிட் பண்ணாம சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க, அந்த போனையும் மாத்தாதீங்க. இந்த மாதிரி எலக்ட்ரானிக் ஆதாரத்தை தாக்கல் பண்ணும்போது புது சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுல ஒரு சான்றிதழ் வேணும், பழைய சட்டத்துல 65பின்னு சொல்லுவாங்க, அதை உங்க வக்கீல் பார்த்துப்பார். ஒரு நாள் சாயங்காலம் நீங்களும் வீட்டுக்காரரும் டேப் எடுத்துட்டு போய் ரோட்டை மூணு இடத்துல அளந்து, டேப்போட நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுத்துடுங்க.

அது ஆனதும் வக்கீல் மூலமா ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்லயும் மெயில்லயும் அனுப்புங்க. 12ஆம் பிரிவுப்படி விலகறோம், 13ஆம் பிரிவை மீறி பணம் வாங்கியிருக்கீங்க, 15 நாள்ல முழு தொகையும் வட்டியோட வேணும்னு இருக்கணும், கேன்சல்ங்கற வார்த்தை எங்கயும் வரக்கூடாது. பல பில்டர் இந்த கட்டத்துலயே பேச கூப்பிடுவாங்க, ரெராவுல புகார் பதிவானா அடுத்து வர்றவங்களும் பார்ப்பாங்கன்னு அவங்களுக்கு தெரியும்.

பதில் வரலைன்னா தமிழ்நாடு ரெராவுல போகணும். பணமும் வட்டியும் கேட்க ஃபார்ம் எம், மன உளைச்சல், நகை வட்டி மாதிரி நஷ்டஈடு கேட்க நடுவர் அதிகாரிகிட்ட ஃபார்ம் என், ரெண்டும் தனித்தனி. ஏஜென்ட்டையும் எதிர் மனுதாரரா சேர்க்கலாம், அவரும் ரெராவுல பதிவு பண்ணியிருக்கணும், பொய் சொல்லி விக்கக்கூடாதுன்னு அவருக்கும் சட்டம் இருக்கு. நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியும், ரெரா இருக்கறதால அந்த வழி மூடிடலன்னு 2020லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, நீங்க கட்டினது 50 லட்சத்துக்குள்ளங்கறதால மாவட்ட ஆணையம் போதும், 2 வருஷத்துக்குள்ள போடணும். ஆனா ஒரே பணத்துக்கு ரெண்டு இடத்துலயும் போடாதீங்க. உங்க நிலைமைக்கு நான் ரெராவைத்தான் சொல்லுவேன், பிளானும் உறுதிமொழியும் அவங்ககிட்டயே இருக்கு.

நாள் ஆகும், அதையும் சொல்லிடணும். புகாரை 60 நாள்ல முடிக்க பார்க்கணும்னு சட்டத்துல இருந்தாலும் நடைமுறையில அதைவிட கூட போகும், உத்தரவு வந்தும் பில்டர் குடுக்கலைன்னா நில வருவாய் பாக்கி மாதிரி கலெக்டர் மூலமா வசூல் பண்ணணும், அதுக்கும் ஓடணும். அதனாலதான் நோட்டீஸ் கட்டத்துலயே நல்லபடியா முடிஞ்சா அதை ஒதுக்காதீங்கன்னு சொல்றேன், கொஞ்சம் வட்டியை விட்டுக்குடுத்து அசல் 12 லட்சம் மொத்தமா கைக்கு வருதுன்னா அது நல்ல முடிவுதான். உங்க மாமனார் கோபம் எனக்கு புரியுது, ஆனா இப்போதைக்கு போலீஸ் வேணாம், சிவில் விஷயம்னு சொல்லி அனுப்பிடற வாய்ப்புதான் அதிகம். அதே ஃப்ளாட்டை வேற ஒருத்தருக்கும் வித்தது, போலி அப்ரூவல் மாதிரி ஏதாவது தெரிய வந்தா மட்டும் அந்த பக்கம் போகலாம்.

பேங்குக்கு நாளைக்கே ஒரு லெட்டர் குடுத்துடுங்க, இந்த ஃப்ளாட்டுக்கு எந்த பணமும் ரிலீஸ் பண்ண வேணாம்னு எழுதி, குடுத்ததுக்கு சீல் வாங்கிக்கோங்க. பணம் போயிடுச்சுன்னா இஎம்ஐயும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்.

பில்டர் ஆபீஸ்ல இருந்து போன் வந்தா பேசுங்க, ஆனா பேசி முடிச்சதும் "இன்னிக்கு நீங்க போன்ல இப்படி சொன்னீங்க"ன்னு நாலு வரி மெயில் போட்டுடுங்க. தவணையா தர்றோம்னா தேதி போட்ட செக் கேளுங்க, முழு பணமும் உங்க அக்கவுண்ட்ல ஏறினதை பார்த்ததுக்கு அப்புறம்தான் ஒரிஜினல் ரசீதையும் புக்கிங் ஃபார்மையும் கையை விட்டு குடுக்கணும், "எல்லாம் பெற்றுக்கொண்டேன்"னு எழுதி தர்றதும் அதுக்கு அப்புறம்தான்.