டைமர் நாளுக்கு அரை மணி முந்துகிறதா? கிரிஸ்டலின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: எங்கள் கருவியில் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் (விநாடிக்கு 32,768 முறை துடிக்கும் படிகம்) ஓடும் டைமரிலிருந்து மில்லி விநாடிக்கு ஓர் இன்டரப்ட் (செயலியை இடைமறித்து அழைக்கும் சமிக்ஞை) பெற்று நேரத்தை எண்ணுகிறேன். ஒரு நாளில் கடிகாரம் 34 நிமிடத்துக்கு மேல் முந்திவிடுகிறது. கிரிஸ்டல் மட்டமானது, உயர்தரமானதை வாங்கிப் போடுங்கள் என்கிறார் உதிரிபாக முகவர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். சாதாரணக் கிரிஸ்டலின் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் இருக்கும். அதனால் நாளொன்றுக்கு 2 விநாடிகூட விலகாது. உங்கள் கடிகாரத்தின் பிழையோ பத்து லட்சத்தில் 24,000 பங்கு. இதற்குக் கிரிஸ்டலைக் காரணம் காட்டுபவர் ஒன்று கணக்குப் போட்டுப் பார்க்காதவர், இல்லையென்றால் போட்டுப் பார்த்துவிட்டும் சரக்கைத் தள்ளப் பார்ப்பவர்.

கோளாறு ஒரே ஒரு வகுத்தலில் இருக்கிறது. 32,768ஐ 1,000ஆல் வகுத்தால் 32.768 வரும், முழு எண் வகுத்தல் பின்னத்தை வெட்டிவிட்டு 32ஐ மட்டும் தருகிறது. ஆகவே உங்கள் டிரைவர், அதாவது டைமரை இயக்கும் நிரல், 32 துடிப்புக்கு ஒரு மில்லி விநாடி என்று எண்ணி, உண்மையான ஒரு விநாடிக்குள் 1,024 மில்லி விநாடிகளைச் சேர்த்துவிடுகிறது. விநாடிக்கு 24 மில்லி விநாடி மிகை என்றால் நாளுக்கு முப்பத்துநாலரை நிமிடம். நீங்கள் கண்டதும் அதுதான். 33 என்று மேலே முழுமையாக்கினாலும் விடிவில்லை, அப்போது கடிகாரம் நாளுக்குப் பத்து நிமிடம் பிந்தும்.

செய்ய வேண்டியது, வெட்டி எறியும் மீதியைச் சேர்த்து வைப்பது. ‘மீதி’ என்று ஒரு மாறியை வைத்து, ஒவ்வோர் இன்டரப்டிலும் அதில் 768ஐக் கூட்டுங்கள். கூட்டல் 1,000ஐத் தொட்டாலோ தாண்டினாலோ 1,000ஐக் கழித்துவிட்டு அடுத்த இடைவெளியை 33 ஆகவும், இல்லையெனில் 32 ஆகவும் வையுங்கள். 125 இன்டரப்டுகளில் 33 என்பது 96 முறையும் 32 என்பது 29 முறையும் வந்து, மொத்தம் 4,096 துடிப்பு, அதாவது விநாடியில் சரியாக எட்டில் ஒரு பங்கு, ஆகிவிடும். தனி இடைவெளி ஒரு துடிப்புக்குள் ஆடலாம், ஆனால் அந்த ஆட்டம் நாள்போக்கில் சேராது. அடுத்த இன்டரப்டின் நேரத்தை முந்தைய இலக்கோடு கூட்டி அமையுங்கள். ‘இப்போதைய எண்ணிக்கை’யோடு கூட்டினால் இன்டரப்டின் தாமதமும் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறிவிடும். மில்லி விநாடிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், விநாடிக்கு 1,024 டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 துல்லியமாகப் பொருந்தி, மீதியே இராது.

சில்லு நிறுவனங்கள் இலவசமாகத் தரும் மாதிரி நிரல்களை அப்படியே எடுத்து ஒட்டுவதுதான் பெரிய பொறி. பல டைமர்களில், எதுவரை எண்ண வேண்டும் என்பதைக் குறித்துவைக்கும் ரீலோட் ரிஜிஸ்டரில் 32 எழுதினால் சுழியத்திலிருந்து எண்ணி 33 துடிப்பு ஓடும். 31 எழுத வேண்டும் என்ற செய்தியைக் கையேட்டின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நேரத்தை 32 பிட் ஃப்ளோட்டில் (பின்ன எண்களுக்கான, துல்லியத்துக்கு வரம்புள்ள எண் வகை) கூட்டும் நிரல்களும் உலவுகின்றன. அதில் எண்ணிக்கை 1,67,77,216ஐ எட்டியதும் ஒன்றைக் கூட்டினாலும் மதிப்பு நகராது, அதாவது ஏறக்குறைய 4 மணி 40 நிமிடத்தில் மில்லி விநாடிக் கடிகாரம் நின்றுவிடும். பத்து நிமிடச் சோதனையோடு ‘தேர்ச்சி’ முத்திரை குத்தும் நடைமுறையில் இது எப்படி அகப்படும்?

மீதியைச் சேர்க்கும் முறை பொருந்தாத இடம் ஒன்று உண்டு, அது காத்திருத்தல். ஒரு சென்சாருக்குக் கட்டளை அனுப்பியபின் குறைந்தது 5 மில்லி விநாடி பொறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது 163.84 துடிப்பு. கீழே வெட்டி 163 பொறுத்தால் சென்சார் இன்னும் தயாராகியிருக்காது. ஆகவே எப்போதும் மேல்நோக்கி 164 என்று கொள்ள வேண்டும். அதுவும் போதாது. நீங்கள் எண்ணத் தொடங்கும்போது நடப்புத் துடிப்பில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கும் என்பதால், இன்னொன்றைச் சேர்த்து 165 ஆக்குங்கள். சராசரியில் சரியாகிவிடும் என்ற வாதம் இங்கே எடுபடாது. ஒரே ஒருமுறை முன்கூட்டி வாசித்தாலும் தவறான அளவீடு பதிவாகிவிடும். நேரம் எண்ணவும் காத்திருக்கவும் ஒரே ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால், இன்றைக்கே அதை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.