ஓசை எங்கே நிற்க வேண்டும்? பேஸ் கித்தார் கேள்வி-பதில்

மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பெரும்பாலும் எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாடல்கள்தான். ரவுண்ட்வூண்ட் ஸ்ட்ரிங் போட்டால் அதில் விரல் உரசும் சத்தம் மைக்கில் கேட்கிறது. ஃப்ளாட்வூண்டுக்கு மாறலாமா? (வாசகர், மதுரை)

மாறலாம். ரவுண்ட்வூண்டில் மேலே சுற்றியிருப்பது உருண்டைக் கம்பி. அதன் மேடுபள்ளத்தில் விரல் ஓடுவதால்தான் அந்தக் கீச்சொலி. ஃப்ளாட்வூண்டில் பட்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மேற்பரப்பு வழவழப்பு, ஒலி அடர்த்தி, நோட்டும் சீக்கிரம் அடங்கும். பழைய பாடல்களுக்கு வேண்டியது இந்த அடக்கம்தான். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் லா பெல்லா நிறுவனத்தின் 52–110 என்ற தடித்த ஃப்ளாட்வூண்ட் போட்டிருந்தார். அறுந்தாலொழிய மாற்றமாட்டார். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார்.

ஆனால் அந்த 52–110-ஐ எடுத்தவுடன் வாங்காதீர்கள். இழுவிசை அதிகம், கித்தாரின் கழுத்து வளையும், இடது கை களைத்துவிடும். 45–105 போதும். (முதல் எண் மிக மெல்லிய ஸ்ட்ரிங், இரண்டாவது மிகத் தடித்தது. 45 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு தடிமன்.) ஃப்ளாட்வூண்ட் விலை கூடுதல்தான், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, பிரிட்ஜை (ஸ்ட்ரிங்கின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) ஒட்டி ஸ்ட்ரிங்குகளுக்கு அடியில் செருகுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். மேலே தள்ளினால் சுருதி ஏறிவிடும். நிக்கல் பூசிய ரவுண்ட்வூண்டிலேயே பாதி வேலை இதில் முடியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வூண்ட் இந்தப் பாடல்களுக்கு வேண்டாம். ஒலி பளிச்சென்று முன்னால் நிற்கும், ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) சீக்கிரம் தேய்க்கும்.

புது செட் போட்டேன். மற்ற மூன்றும் நன்றாக இருக்க, தடித்த ஈ ஸ்ட்ரிங் மட்டும் செத்த மாதிரி ஒலிக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (வாசகர், நாகர்கோவில்)

ஸ்ட்ரிங்கின் முனையை எப்படி வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. உள்ளே ஒரு மையக் கம்பி, அதன்மேல் சுற்றுக் கம்பி. முனையை மடிக்காமல் நேராக வெட்டினால் சுற்று தளர்ந்து, மையத்தின்மேல் நழுவும். அப்புறம் அந்த ஸ்ட்ரிங் தெளிவாக அதிராது. டியூனிங் போஸ்டிலிருந்து (தலைப்பகுதியில் ஸ்ட்ரிங்கைச் சுற்றும் தண்டு) நான்கைந்து அங்குலம் விட்டு, முதலில் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். நடுவில் துளையுள்ள போஸ்ட் என்றால் முனையைத் துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று. நட்டில் (கழுத்தின் மேல்முனையில் இருக்கும் பள்ளக் கட்டை) ஸ்ட்ரிங் அழுந்தி உட்காருவது இந்தக் கீழிறக்கத்தால்தான்.

வெட்டு சரியாக இருந்தால், சுற்றும்போது ஸ்ட்ரிங் முறுக்கிக்கொண்டிருக்கலாம். தளர்த்தி, முனையைப் போஸ்டிலிருந்து எடுத்து, முறுக்கு தானாகப் பிரியவிட்டு மறுபடி சுற்றுங்கள். சுருதி சேர்த்ததும் பிரிட்ஜ் சேடிலுக்கு (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சிறு துண்டு) முன்னாலும் நட்டுக்கு முன்னாலும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்துங்கள். தடித்த ஸ்ட்ரிங் அந்த இடங்களில் வில்லாக வளைந்து நிற்கும். அழுத்தினால்தான் கூர்மையாகத் திரும்பும். பல ‘செத்த’ ஈ ஸ்ட்ரிங்குகள் இந்த ஓர் அழுத்தலில் எழுந்துவிடும்.

பழைய ஸ்ட்ரிங்கை வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதிதாகுமா? (வாசகர், தூத்துக்குடி)

சுற்றுகளுக்கு இடையே இருக்கும் வியர்வையும் எண்ணெயும் வெளியேறும், சில நாள் பளிச்சென்று ஒலிக்கும். ஈரம் உள்ளே தங்கினால் துரு. கழற்றி மாட்டும்போது போஸ்ட் மடிப்பில் அறுந்தும் போகலாம். கடற்கரை ஊரில் அதைவிடப் பயன் தருவது, வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பது.

விரல் வலிக்கிறது என்று 45–105-லிருந்து 40–95-க்கு மாறினேன். முதல் நான்கு ஃப்ரெட்டில் ஒரே இரைச்சல். (வாசகர், கோவை)

மெல்லிய ஸ்ட்ரிங்குக்கு இழுவிசை குறைவு. கழுத்து நிமிர்ந்துவிட்டது, அதனால் நட்டுக்கு அருகில் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் மோதுகிறது. சுருதி சேர்த்த நிலையில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, ஈ ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் கம்பி) கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று தளர்த்தி, சுருதி சேர்த்து, அரைமணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். ஒரே நாளில் அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம்.

அதன்பின் ஸ்ட்ரிங் உயரம், கடைசியாக இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது). 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலி) ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. இந்த வரிசையை மாற்றினால் செய்ததையே திரும்பச் செய்வீர்கள்.

சொந்தமாக பேஸ் லைன் போட்டால் எப்போதும் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டம்) ரூட்டிலேயே, அதாவது அதன் அடிப்படைச் சுரத்திலேயே, நிற்கிறேன். மற்றவர்களிடமிருந்து எடுப்பது திருட்டு ஆகாதா? (வாசகர், திருச்சி)

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1963-இல் ‘ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்’ பாடலுக்கு, சக் பெர்ரியின் 1961 பாடல் ஒன்றின் பேஸ் லைனை அப்படியே எடுத்ததாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதைவிட நீங்கள் கற்க வேண்டியது இன்னொரு ஜோடி. 1979-இல் சிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாடலில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ். 1980-இல் குவீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ பாடலில் ஜான் டீக்கன். இரண்டும் கீழ் ஈ-யில் மூன்று அடி, பிறகு ஓர் இடைவெளி என்று தொடங்குகின்றன. இடைவெளிக்குப் பின் எட்வர்ட்ஸ் சுரம் சுரமாக நடந்து அடுத்த கார்டுக்குப் போகிறார். டீக்கன் ஈ-யிலேயே நின்று ஜி-யையும் ஏ-யையும் தொட்டுத் திரும்புகிறார். தொடக்கம் ஒன்று, பாட்டு வேறு.

ஆகவே சுரத்தை விட்டுவிட்டுத் தாளத்தை எடுங்கள். பிடித்த பேஸ் லைனை 0.75 வேகத்தில் ஓடவிட்டு முதலில் வாயால் பாடுங்கள். தாளில் 16 கட்டம் போட்டு, அடி விழும் கட்டங்களையும் ஒவ்வொரு நோட்டும் எதுவரை நீள்கிறது என்பதையும் குறியுங்கள். பலர் நீளத்தைக் குறிக்காமல் விட்டு, பிறகு ‘அந்த ஃபீல் வரவில்லை’ என்கிறார்கள். குறித்த கட்டங்களில் உங்கள் கார்டின் சுரங்களை வையுங்கள். இளையராஜா பாடல்களைக் கேட்கும்போது வேறொன்றைக் கவனியுங்கள்: குரல் நீட்டி நிற்கும் இடத்தில் பேஸ் நகரும். அந்த இடங்களை எடுத்துக்கொண்டால் ரூட்டிலிருந்து வெளியே வர வழி கிடைக்கும்.

பேஸிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. மிருதங்கத்தின் மோரா (ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிப்பது) 4/4-இல் அழகாக உட்காரும்: நான்கு, இரண்டு மௌனம், நான்கு, இரண்டு மௌனம், நான்கு. மொத்தம் 16 கட்டம், ஒரு பார் (நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று). ஈ மைனரில் ‘தகதிமி’க்கு ஈ, ஜி, ஏ, பி என்று மூன்று முறை வாசித்து, அடுத்த பாரின் முதல் அடியில் கீழ் ஈ. மெட்ரோனோமை 80-இல் வையுங்கள். கெடுவது எப்போதும் மௌனத்தில்தான்: பி ஒலித்துக்கொண்டே இருக்கும், அல்லது இரண்டு மாத்திரை ஒன்றரையாகச் சுருங்கும். பி முடிந்ததும் இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து தூக்கி ஸ்ட்ரிங்கைத் தொட்டபடி வையுங்கள். டிரம்ஸ் வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே பாரில் அவரும் ஃபில் (இடைவெளியை நிரப்பும் அடிகள்) போட்டுவிடுவார்.