பாட்டி ஊருக்குப் போகவில்லை: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு வரும் மனநோயைப் பற்றியவை. எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. டவுன் சின்ட்ரோம் உள்ளவன். சிறப்புக் கல்விப் பள்ளியை முடித்தபின், விமானப் பயணிகளுக்கான காதொலிக் கருவிகளைத் துடைத்து உறையிலிடும் பணிமனைக்கு ஆறு ஆண்டுகளாகத் தானே பேருந்தில் போய்வந்தான். ஏழு மாதங்களுக்கு முன் என் மாமியார் காலமானார். அவனை வளர்த்தவர் அவர்தான். பயந்துவிடுவான் என்று பெரியவர்கள் சொன்னதால் அவனை மண்டாய் தகனச்சாலைக்கு அழைத்துப்போகவில்லை. பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தோம். மூன்று மாதங்களாக அவன் வேலைக்குப் போக மறுக்கிறான். சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு, போடத் தெரியாதவன்போல் நிற்கிறான். தனக்குத்தானே முன்பைவிட அதிகமாகப் பேசுகிறான். மாலையில் பாட்டியின் எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தேநீர் மேசையில் வைக்கிறான். நான் அதைத் திரும்ப எடுத்துவைத்தால் நெற்றியில் அடித்துக்கொள்கிறான். “இந்தப் பிள்ளைகள் வளர வளர இப்படித்தான்” என்கிறார்கள் உறவினர்கள். நாங்கள் பார்த்த மருத்துவரும் அதையே சொன்னார். உண்மையா?
— ஒரு தாய், ஈசூன்

பதில்: உண்மையில்லை, அம்மா. ஆறு ஆண்டுகள் தனியாகப் பேருந்தேறி வேலைக்குப் போனவர், பித்தான் போட்டவர், மூன்று மாதங்களுக்குள் அவற்றை இழக்கிறார் என்றால், பிறவியிலேயே இருந்த டவுன் சின்ட்ரோம் அதற்கு விளக்கமாகாது. அது 26 ஆண்டுகளாக இருக்கிறது. இந்த மாற்றம் புதியது. புதிதாக வந்ததற்குப் புதிய காரணம் ஒன்று இருக்கவேண்டும். அதைத் தேடவேண்டியது மருத்துவத்தின் கடமை.

உங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. பழைய குறைபாட்டின் நிழல் விழுந்து புதிய நோய் மறைந்துபோகும் இந்தத் தவற்றுக்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரெய்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1982இலேயே பெயர் சூட்டி எழுதினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிழல் விலகாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிவுத்திறன் குறைபாடுள்ள 1,023 பெரியவர்களைக் கொண்டு நடந்து 2007இல் வெளியான ஆய்வில், கடுமையான நடத்தைச் சிக்கல்களையும் சேர்த்து, 100 பேரில் ஏறத்தாழ 41 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. மனச்சோர்வும் மனப்பதற்றமும் நமக்கு வருவதுபோலவே இவர்களுக்கும் வருகின்றன. ஆனால் “எனக்கு எதிலும் பிடிப்பில்லை” என்று சொல்வதற்கு வார்த்தை இல்லாதவரிடம் அது வேலைக்குப் போக மறுப்பதாகவும், கற்ற திறமை நழுவுவதாகவும், உறக்கமும் பசியும் மாறுவதாகவும், தன்னைத்தானே அடித்துக்கொள்வதாகவும் வெளிப்படும்.

முதலில் உடலைப் பார்க்கவேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது மிகவும் சாதாரணம். அது மனச்சோர்வைப்போலவே தோற்றமளிக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் இவர்களிடம் அதிகம். குறட்டை விடுகிறாரா, உட்கார்ந்தபடியே உறங்குகிறாரா என்று கவனியுங்கள். காதில் அடைப்பு, கண்புரை, பல்வலி, மலச்சிக்கல் ஆகிய நான்கையும் கேட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அல்ஸைமர்ஸ் மறதிநோய் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களை மற்றவர்களைவிட முன்னதாகவே தாக்குவது உண்மைதான். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு, இவர்களிடம் கூடுதலாக இருக்கும் 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. எனினும் நாற்பது வயதுக்கு முன் அது நோயாக வெளிப்படுவது அரிது. இருபதுகளில் இருப்பவரைப் பார்த்து “வயதாகிறது” என்று சொல்ல இடமில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள இளையர் சிலர் சில வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சையும் திறமைகளையும் வேகமாக இழக்கும் நிலை ஒன்றும் உண்டு. அதற்கும் சிகிச்சை இருப்பதால் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள். அவர் சிலைபோல் உறைந்து நின்றாலோ, உண்ணவும் பருகவும் மறுத்தாலோ, முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தனக்குத்தானே பேசுவதைக் கண்டு கலங்கவேண்டாம். டவுன் சின்ட்ரோம் உள்ள பலர் அன்றாட நிகழ்ச்சிகளை அப்படித்தான் வாய்விட்டு அசைபோட்டு மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள். அதை மட்டும் வைத்து மனச்சிதைவு என்று முடிவு செய்துவிடக்கூடாது. குரலில் அச்சமோ கோபமோ ஏறியிருக்கிறதா, பேச்சில் யார் பெயர் வருகிறது என்பதைக் கவனித்துக் குறித்துவையுங்கள்.

இனி, அந்த டம்ளர். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். நம் வீடுகளில் ஊருக்குப் போனவர்கள் பெட்டி நிறைய முறுக்கும் ஊறுகாயுமாகத் திரும்பி வருவார்கள். உங்கள் மகன் அறிந்த ‘ஊர்’ அதுதான். அப்படியானால் ஏழு மாதங்களாக அவர் செய்துகொண்டிருப்பது காத்திருப்பு. மாலைத் தேநீருக்குப் பாட்டி வந்துவிடுவார் என்று டம்ளரை வைக்கிறார், நீங்கள் காரணம் சொல்லாமல் அதை எடுத்துவிடுகிறீர்கள். நல்லெண்ணத்தில் சொன்ன பொய்தான். ஆனால் துக்கப்படுவதற்கான வாய்ப்பை அது அவரிடமிருந்து பறித்துவிட்டது. அமைதியான ஒரு நேரத்தில், பாட்டியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குறுகிய வாக்கியங்களில் சொல்லுங்கள்: “பாட்டி ஊருக்குப் போகவில்லை. பாட்டியின் உடம்பு ரொம்ப நோயாகி வேலை செய்யாமல் நின்றுவிட்டது. பாட்டி இறந்துவிட்டார். இனி வரமாட்டார். நீ எதுவும் தப்பு செய்யவில்லை.” ‘தூங்கிவிட்டார்’, ‘சாமியிடம் போய்விட்டார்’ என்பவற்றைத் தவிருங்கள், முன்னதைக் கேட்டவர் உறங்கவே அஞ்சக்கூடும். ஒருமுறை சொன்னால் போதாது. பல நாட்கள் கேட்பார், பலமுறை சொல்லவேண்டும், அழுவார், அழட்டும். அஸ்தி கரைத்த கடற்கரைக்கு அழைத்துப்போங்கள். தலைத்திவசத்தன்று பூப்போடும் வேலையை அவரிடம் கொடுங்கள். டம்ளர் மேசையிலேயே இருக்கட்டும்.

இவற்றோடு, தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மருந்தும் குறைந்த அளவில் தொடங்கி உதவும். பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால் சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் உதவித்தொகையுடன் கூடிய கட்டணத்தில் பார்க்கலாம். வளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்களுக்கென்றே அங்கு தனிப் பிரிவு இருக்கிறது.

கேள்வி: என் அக்காவுக்கு 34 வயது, அதிகம் பேசமாட்டார். பணிப்பெண்ணை அடித்தார் என்பதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாத்திரை தொடங்கினார்கள். இப்போது பகலெல்லாம் உறங்குகிறார், எடை கூடிவிட்டது, கை நடுங்குகிறது. நிறுத்திவிடலாமா?
— தம்பி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவை மனச்சிதைவுக்குத் தரப்படும் மருந்து வகையாகத் தோன்றுகின்றன. இவ்வகை மாத்திரைகளைத் திடீரென விட்டால் உறக்கமின்மையும் படபடப்பும் தோன்றி நிலைமை மோசமாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு. அதே சமயம், மறுஆய்வு கேட்க உங்களுக்கு முழு உரிமையுண்டு. எந்த நோய்க்காக இந்த மருந்து, அது பயன் தருகிறதா என்பதை எதைக்கொண்டு அளக்கிறோம், எப்போது குறைத்துப் பார்ப்போம் என்ற மூன்றையும் கேளுங்கள். எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள்; இந்தியர்களான நமக்கு நீரிழிவு அபாயம் ஏற்கெனவே அதிகம். மாதவிடாய் நின்றிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

மனச்சிதைவு போன்ற நோய் இருந்தால் இம்மருந்துகள் இன்றியமையாதவை. ஆனால் மனநோய் எதுவுமின்றி, அடிக்கிறார் என்பதற்காக மட்டும் கொடுப்பதை லான்செட் மருத்துவ இதழில் 2008இல் வெளியான ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. இங்கிலாந்து, வேல்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களைச் சேர்ந்த, அறிவுத்திறன் குறைபாடும் மூர்க்கமும் உள்ள 86 பேருக்கு, இவ்வகை மருந்துகளான ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், மருந்தில்லாத வெற்று மாத்திரை ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்தார்கள். நான்கு வாரங்களில் மூன்று பிரிவினரிடமும் மூர்க்கம் குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களிடம் அது மிக அதிகமாகக் குறைந்திருந்தது. மருந்து மட்டுமே பதில் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடிப்பது சில வேளைகளில் பேச்சு. பல ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பெண், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தட்டைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை அடிப்பார். மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிறகு ஒரு தாதி, அவர் எப்போதும் இடப்பக்கமாகவே மெல்லுவதைக் கவனித்தார். வலது கடைவாய்ப்பல் சீழ்கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய வாரத்தோடு அடி நின்றது. ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி, அக்கா எப்போது, எங்கே, எதற்கு முன்னால் அடிக்கிறார், அதற்குப் பின் என்ன நடக்கிறது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். பணிப்பெண்ணையும் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதச் சொல்லுங்கள். பகல் முழுவதும் உடனிருப்பவர் அவர்தான்.

கேள்வி: ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ள என் மகள், பள்ளியை முடித்த மூன்று மாதமாக ஒரே கேள்வியை நாளெல்லாம் கேட்டு அழுகிறாள். மனநல மருத்துவர் என்றாலே என் மாமனார், “உட்பிரிட்ஜுக்கா?” என்று சத்தம் போடுகிறார்.
— மருமகள், உட்லண்ட்ஸ்

பதில்: உட்பிரிட்ஜ் என்பது மனநலக் கழகத்தின் பழைய பெயர். பெரியவரின் மனத்தில் இருப்பது பூட்டிய வார்டுகளின் காலம். அந்த மருத்துவமனை இன்றைய இடமான புவாங்கோக்குக்கு இடம்பெயர்ந்ததே 1993இல். இன்று அங்கு வருபவர்களில் பலர் வெளிநோயாளிகளாகப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள் என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை மாமனாரையும் உடன் அழைத்துப்போவது இன்னும் நல்லது.

பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே பேருந்து, ஒரே ஆசிரியர்கள், ஒரே மணியோசையில் வாழ்ந்த பெண்ணுக்கு அவையெல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. அவர் கேட்கும் ஒரே கேள்வி பெரும்பாலும் மனப்பதற்றத்தின் குரலே. நாளை என்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள், பகல்நேர நடவடிக்கை நிலையத்துக்குப் பெயர் பதிந்துவையுங்கள், அப்படியும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். முதல் சந்திப்பில் மருத்துவருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் மகளையே உட்காரவையுங்கள். முதல் கேள்வியை மருத்துவர் அவரிடமே கேட்கட்டும். பதில் வர நேரமானாலும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.