உளவுத் தகவல் முன்கூட்டியே கிடைத்தும் பயங்கரவாதத் தாக்குதல்களைத் தடுக்க முடியாமல் போவது ஏன்? புதிய அமைப்புகள் இதைச் சரிசெய்தனவா?

‘தகவலுக்காகவும் தேவையான நடவடிக்கைக்காகவும்’ என்று ஒரு வரி போட்டுக் கடிதத்தை அனுப்பிவிட்டால் அனுப்பியவர் கைகழுவிக்கொள்ளலாம். அரசுக் கோப்புகளோடு புழங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெரிய உளவுத் தோல்விகளைப் படிக்கப் படிக்க எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வருகிறது. தகவலே இல்லை என்பதைவிட, வந்த தகவலுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்பதுதான் அடிக்கடி நடந்திருக்கிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலையே பாருங்கள். அன்று விமானம் கடத்தியவர்களில் காலித் அல்-மித்தார், நவாஃப் அல்-ஹஸ்மி இருவரும் 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் நடந்த அல்-கொய்தா சந்திப்பில் இருந்தது அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏவுக்குத் தெரியும். மித்தாரிடம் அமெரிக்க விசா இருந்ததும் தெரியும். சிஐஏவில் அயல்பணியில் இருந்த எஃப்பிஐ (உள்நாட்டு விசாரணை அமைப்பு) அதிகாரி ஒருவர், தன் துறைக்குச் சொல்ல ஒரு குறிப்பு எழுதினார். அதை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? விவரம் எஃப்பிஐக்குப் போய்விட்டது என்று சிஐஏவின் உள் தந்தி ஒன்று சொன்னது. போனதற்கான தடயம் பின்னால் விசாரணை ஆணையத்துக்குக் கிடைக்கவே இல்லை. அந்த இருவரும் அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் சொந்தப் பெயரிலேயே குடியிருந்தார்கள். ஹஸ்மியின் பெயர் டெலிபோன் டைரக்டரியில்கூட இருந்தது. 2001 ஆகஸ்ட் கடைசியில் எஃப்பிஐ அவர்களைத் தேடத் தொடங்கியபோது அது நியூயார்க்கில் ஒரே ஒரு ஏஜெண்டிடம், ‘வழக்கமான பணி’ என்ற வகையில் போனது. அந்த வகைக்கு, விசாரணையைத் தொடங்கவே 30 நாள் அவகாசம் உண்டு.

உளவுப் பணிக்கும் குற்ற விசாரணைக்கும் நடுவில் தகவல் பகிர்வைத் தடுத்த சட்டச் ‘சுவர்’தான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. சட்டம் சொன்னதைவிட உயரமான சுவரை அதிகாரிகளே மனதுக்குள் கட்டிக்கொண்டார்கள் என்பது மீதி.

2004 டிசம்பரில் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. எல்லா உளவு அமைப்புகளுக்கும் மேலே ஒரு இயக்குநர், எல்லாத் தகவலும் வந்து சேர ஒரு தேசிய மையம். 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போகும் விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிகுண்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகன் தீவிரவாதிகளோடு சேர்ந்துவிட்டதாக அவருடைய தந்தையே ஒரு மாதம் முன்னால் நைஜீரியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் போய்ச் சொல்லியிருந்தார். பெயர் தரவுத்தளத்தில் ஏறியது. விமானத்தில் ஏற்றக்கூடாதவர் பட்டியலுக்குப் போகவில்லை. தூதரகக் குறிப்பில் பெயரை எழுத்துப் பிழையோடு அடித்திருந்ததால், அவரிடம் விசா இருப்பதும் தேடலில் சிக்கவில்லை. குண்டு சரியாக வெடிக்காததால்தான் பயணிகள் தப்பித்தார்கள். மறுபக்கம், பகிர்வைத் தாராளமாக்கியதன் விலை 2010இல் தெரிந்தது: ஈராக்கிலிருந்த ஒரு கீழ்நிலை அமெரிக்க ராணுவப் பகுப்பாய்வாளர் 2,50,000 தூதரகத் தந்திகளை வெளியே கொண்டுபோக முடிந்தது.

இலங்கையின் 2019 ஈஸ்டர் தாக்குதல் இன்னும் மோசம். அங்கே சிதறிக் கிடக்கும் தகவல்களை இணைக்கும் வேலையே இல்லை. இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4 அன்றே தகவல் கொடுத்துவிட்டது. ஏப்ரல் 9இல் அது போலீஸ் மாஅதிபருக்கு (நாட்டின் போலீஸ் தலைவர்) கடிதமாகப் போனது; ஏப்ரல் 11இல் இன்னொரு உள் சுற்றறிக்கை. தாக்குதலை முன்னின்று நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் பெயர், கத்தோலிக்கத் தேவாலயங்கள் இலக்கு என்பது, எல்லாம் அதில் இருந்தன. தேவாலயங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஜனாதிபதியும் பிரதமரும் பிணங்கியிருந்த காலம். பிரதமரைப் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கே அழைப்பதில்லை. ஏப்ரல் 21இல் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாயும், அப்போதைய போலீஸ் மாஅதிபரும் அரச புலனாய்வுத் தலைவரும் தலா 7.5 கோடியும் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு தர வேண்டும் என்றது. புதிதாக எழுப்பப்படும் மையங்களைவிட இது பெரிய சீர்திருத்தம் என்பேன். ரகசியத்தைக் கசியவிட்டால் வேலை போகும், சிறைகூட உண்டு. அமுக்கிவைத்தால் எதுவும் ஆகாது என்ற கணக்கை அந்தத் தீர்ப்பு கொஞ்சம் மாற்றுகிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தண்டனைக்குப் பயந்து ஆளாளுக்கு எல்லா வதந்தியையும் மேலே தள்ளிவிட ஆரம்பித்தால், நிஜமான எச்சரிக்கை அந்தக் குப்பையில் புதைந்துவிடும். அதனால் அனுப்புகிறவரை மட்டும் பிடித்தால் போதாது. பெற்றவர் இன்ன தேதிக்குள் இன்னது செய்தேன், அல்லது இந்தக் காரணத்தால் செய்யவில்லை என்று பெயர் போட்டுத் திருப்பி எழுத வேண்டும். எந்த நாட்டில் புது மையம் அறிவித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த விதி இருக்கிறதா என்றுதான்.