வாசகர் கேள்வி - பதில்: சீடர் என்றால் பன்னிரண்டு பேர்தானா?

கேள்வி: இயேசுவின் சீடர்கள் என்றாலே 12 ஆண்களின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அவர்களும் வலையையும் வீட்டையும் விட்டுவிட்டுப் போனவர்கள். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கும் என்னைப் போன்றவள் சீடராக முடியாதா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முடியும் சகோதரி. மாமியார் என்றதும் எனக்குப் பேதுருதான் நினைவுக்கு வருகிறார். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வலையை விட்டுவிட்டுப் பின்னால் போன அதே பேதுரு, கொஞ்ச நேரத்தில் இயேசுவைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வருகிறார். அங்கே அவருடைய மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். பல வருடங்கள் கழித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, பேதுரு மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போகிறார் என்கிறார். பேதுருவைப் போலவே படகை விட்டுப் போன யாக்கோபும் யோவானும்கூட அப்பாவைத் தனியே தவிக்க விடவில்லை, படகில் கூலியாட்கள் இருந்தார்கள் என்று மாற்கு மறக்காமல் சொல்கிறார்.

12 என்பது இஸ்ரவேலின் 12 கோத்திரங்களை மனதில் வைத்த எண். சீடர் கூட்டம் அதைவிடப் பெரிது. லூக்கா நற்செய்தியில் இயேசு 70 பேரை (சில பழைய பிரதிகளில் 72) இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரர் கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா எல்லாம் கூடவே போனவர்கள், தங்கள் கைக்காசைப் போட்டு அந்தக் கூட்டத்தைத் தாங்கியவர்கள்.

சீடர் என்பதற்குக் கிரேக்கத்தில் 'மத்தேத்தேஸ்' என்று சொல். கற்றுக்கொள்பவர், நம் பழைய தமிழில் மாணாக்கர். ஆனால் இதைப் பள்ளிக்கூடத்துப் படிப்பாக நினைத்துவிடக் கூடாது. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ரங்கூன் போய்வந்த பெரியவர் ஒருவர் இருந்தார், வட்டிக்கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர். அங்கே யாரும் அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. கடையை நடத்தும் மேலாளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அன்றாடக் கணக்கான சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் பற்றுவரவு எப்படி ஏறுகிறது, கடன் கேட்டு வருகிறவரின் முகத்தை மேலாள் எப்படிப் பார்க்கிறார், எந்த இடத்தில் பேசாமல் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்தே தொழில் கைவந்தது. கணக்கு எழுதி முடித்ததும் பேனா முனையை வேட்டி ஓரத்தில் துடைப்பார், அது மேலாளின் பழக்கமாம். சீடத்துவம் என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். சீடர்கள் படகிலும் பந்தியிலும் வழிநடையிலும் இயேசுவோடு கூடவே இருந்து, அவர் தொழுநோயாளியைத் தொடுவதைப் பார்த்து, தங்களில் யார் பெரியவர் என்று சண்டை போட்டு, கடைசி இரவில் அதே ஆட்களின் காலை அவரே குனிந்து கழுவுவதைப் பார்த்து, அப்படிக் கற்றுக்கொண்டார்கள்.

விலை இல்லாமலும் இல்லை. தாய் தகப்பனை வெறுக்காதவன் என் சீடனாக முடியாது என்று லூக்காவில் ஒரு கடுமையான வார்த்தை இருக்கிறது. மத்தேயு அதையே 'என்னைவிட அதிகமாக நேசித்தால்' என்று சொல்வதால், எதற்கு முதல் இடம் என்பதுதான் பேச்சு என்று தெரிகிறது. அடுத்தாற்போலவே, கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் பார்த்து வளர்ந்த நமக்கு, கட்டுமானம் பாதியில் நின்றால் ஊர் என்ன பேசும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்காகவே ஒருத்தியைச் சொல்ல வேண்டும். யோப்பா துறைமுகத்தில் இருந்த தபித்தா. புதிய ஏற்பாட்டில் 'மத்தேத்ரியா', அதாவது பெண் சீடர், என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அது இவருக்கு. ஊர் ஊராகப் போனதாக இவரைப் பற்றி எதுவும் இல்லை. துணி தைத்தார், ஏழைகளுக்குக் கொடுத்தார். அவர் இறந்தபோது பேதுருவை அவசரமாக வரவழைக்கிறார்கள். மேல்வீட்டு அறையில் விதவைகள் சுற்றி நின்று அழுதபடி, அவர் உயிரோடு இருந்தபோது தைத்துக் கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பேதுரு ஜெபித்து அவரை எழுப்பினார் என்று பைபிளின் அப்போஸ்தலர் பணி நூல் சொல்கிறது.

கேள்வி: சீஷர், சீடர், அப்போஸ்தலர், எல்லாம் ஒன்றா?
- ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: சீஷரும் சீடரும் ஒன்றுதான், மொழிபெயர்ப்பு வேறு. அப்போஸ்தலர் என்றால் அனுப்பப்பட்டவர். கத்தோலிக்கர் திருத்தூதர் என்கிறார்கள்.

கேள்வி: சீடர்கள் எப்போது கிறிஸ்தவர்கள் ஆனார்கள்?
- ஒரு மாணவர், காரைக்குடி

பதில்: சிரியாவின் அந்தியோக்கியாவில்தான் முதலில் அந்தப் பெயர் விழுந்தது, அதுவும் மற்றவர்கள் வைத்த பெயர் போலத்தான் படுகிறது. அதுவரை 'சீடர்கள்', 'இந்த வழியைச் சேர்ந்தவர்கள்' என்றுதான் பேச்சு. அப்புறமும் பழைய சொல் சாகவில்லை. அதே அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ், 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படைவீரர் காவலில் ரோமுக்கு மரண தண்டனைக்காகக் கொண்டுபோகப்படும்போது ரோம் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். பலருக்குப் போதித்த மனிதர் அதில் தன்னைப் பற்றி எழுதியது, இப்போதுதான் சீடனாகத் தொடங்குகிறேன் என்று.