லாச்சி ஏன் இறுகுகிறது?

கேள்வி: நாலு லாச்சி வைத்த அலுமாரி செய்கிறேன். முகப்புப் பலகை ஒவ்வொன்றின் உயரமும் அரை மில்லிமீற்றர் கூடக்குறைய வருகிறது. சட்டத்தில் எவ்வளவு இடம் விட? (வாசகர், உப்புவெளி)

பதில்: தம்பி, நாலும் ஒரே பக்கம் பிழைத்தால் 2 மில்லிமீற்றர். பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், 1 தான். ஆனால் ஒரே அளவுக்கட்டையை வைத்து அறுத்தால், கட்டையின் பிழை நாலிலும் ஏறும். 2 என்றே வையுங்கள்.

அப்புறம் மாரி. என் முதல் மேசை லாச்சி வைகாசியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மார்கழி மழையில் இழுக்க, கைப்பிடிதான் கையோடு வந்தது. பலகை நாருக்குக் குறுக்கேதான் ஊதும், நீளவாட்டில் அநேகமாக அசையாது. நார் கிடையாக ஓடும் முகப்பென்றால் அந்த ஊதலுக்கும் உயரத்தில் தனியாக இடம் விடுங்கள்.