காலண்டர் அழகிகளா?

கேள்வி: 'கோடைக்கால அழகிகள்' என்று ஜப்பானிய மர அச்சு ஓவியங்களைப் போனில் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே முகம், கையில் ஒரு விசிறி. உடைதான் மாறுகிறது. காலண்டர் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதைப் போய்க் கலை என்கிறார்களே!

பதில்: திட்டுவதாக நினைத்து வரலாற்றைச் சொல்லிவிட்டீர்கள். பல வண்ண மர அச்சு தலையெடுத்ததே காலண்டரால்தான். 1765இல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து ரசிகர்கள், காலண்டர் படங்களை அச்சிட்டுத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். காலண்டர் வெளியிட எல்லாருக்கும் உரிமை கிடையாது. அதனால் அந்த ஆண்டில் எந்தெந்த மாதத்துக்கு 30 நாள் என்பதை (அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்) அந்தப் படத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். சுசுகி ஹருநோபு அப்போது வரைந்த ஒரு படம்: கோடை மழை சடசடவென்று பிடித்துக்கொள்ள, காயப்போட்ட துணியை எடுக்க ஒருத்தி ஓடுகிறாள். ஒரு கால் செருப்பு கழன்றுவிட்டது. காயும் கிமோனோவின் வேலைப்பாட்டை உற்றுப் பாருங்கள், மாத எண்கள் அதற்குள் இருக்கின்றன.

ஒரே முகமா? ஓரளவு உண்மைதான். ஆனால் உதமாரோ என்ற ஓவியரிடம் அந்தப் புகார் செல்லாது. அசகுசா கோயில் பக்கத்து டீக்கடையில் இருந்த ஒகிதாவையும், ரியோகோகு பகுதியின் ஒஹிசாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கண்ணும் மூக்கும் மாறும். இருவரும் ஊரறிந்த அழகிகள். படத்தில் பெயரும் இருந்தது. கணிகையர் அல்லாத பெண்களின் பெயரைப் போடக் கூடாது என்று 1793இல் அரசு தடை போட்டது. மனுஷன் சும்மா இருப்பாரா? பெயரைப் படப் புதிராக்கி மூலையில் வைத்தார். 1796இல் அதற்கும் தடை வந்தது. வெறும் காலண்டருக்கு யாராவது இத்தனை மெனக்கெட்டுத் தடை போடுவார்களா?

உடைதான் மாறுகிறது என்கிறீர்கள். பார்க்க வேண்டியதே அதைத்தான்! கோடை என்றால் மெல்லிய துணி, உள்ளே தோளும் கையும் தெரிய வேண்டும். அதை மரத்தில் வெட்டிக் காட்ட வேண்டும். கொசுவலைக்குப் பின்னால் பெண் இருக்கும் படம் கிடைத்தால் விடாதீர்கள். வலையின் நெடுக்கு இழைகளுக்கு ஒரு அச்சுக் கட்டை, குறுக்கு இழைகளுக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சானதும் வலை விழும். காதோர முடியோ அதைவிட மெல்லிசு. மயிரிழை அளவுக்கு ஒரு கோடு மட்டும் நிற்கும்படி விட்டுச் சுற்றிலும் செர்ரி மரத்தைச் செதுக்கி எடுக்கிறார்கள். அப்படிச் செதுக்கிய ஆளின் பெயர் பெரும்பாலும் படத்தில் இருக்காது. நியாயமாகக் கோபப்பட வேண்டுமானால் அதற்குப் படுங்கள்.

அப்புறம், போனில் பார்த்ததுதான் வினை. பல படங்களில் பின்னணிக்கு மினுமினுக்கும் அபிரகப் (மைக்கா) பொடி பூசியிருப்பார்கள். சில இடங்களில் மையே தொடாமல் அழுத்தி, காகிதத்தில் பூவைப் புடைக்க வைத்திருப்பார்கள். தாளைக் கையில் எடுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தால்தான் இரண்டும் கண்ணில் படும்.